கஜபதி கடையில் பாவாயி வாங்கிய கார்

நாமக்கல்லில் பழைய கார் விற்கும் கஜபதிக்கு வாய் ரொம்பப் பெரிசு. முட்டைப் பண்ணையில் வேலை செய்யும் பாவாயி ஒரு மெக்கானிக்கோடு வந்து நின்றதும் ஏற இறங்கப் பார்த்தார்.

"மெக்கானிக் வெளியே நிக்கட்டும். ஓட்டிப் பார்க்கக் கூடாது, தொடவும் கூடாது. கண்ணால பார்த்துட்டு வேணும்னா எடு."

பாவாயியின் கணவனுக்கு முழங்கால் மடங்காது. கொல்லிமலையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு, அத்தனை வளைவுகளிலும் பஸ்ஸில் நின்றபடியே வந்து போகிறான். கார் வாங்காமல் திரும்புவதில்லை என்றுதான் அவள் கிளம்பியிருந்தாள்.

கஜபதி ஒரு வெள்ளைக் காரைக் காட்டினார். "டாக்டர் வெச்சிருந்தது. இருபதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு."

"அய்யோ, ஓடாம நின்ன வண்டிங்களா?" என்றாள் பாவாயி. "எனக்கு மலை ஏறி எறங்கிப் பழகுன வண்டிதான் வேணும். லட்சம் கிலோமீட்டராச்சும் ஓடியிருக்கோணுமுங்க. வேற கடை பார்த்துக்கறேன்."

அவள் வாசலைத் தாண்டுமுன் கஜபதி பதறி ஓடிவந்தார். "இரும்மா! இது ஊட்டியில வாடகைக்கு ஓடுன வண்டி. ஒன்றரை லட்சத்துக்கு மேல ஓடியிருக்கு. மீட்டரைக் குறைச்சு வெச்சதே நான்தான்!"

மற்ற கார்களைப் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு குடும்பங்களும் சட்டென்று திரும்பின.

"தொடாமலே பார்த்துட்டேனுங்க," என்றாள் பாவாயி. "இப்ப மெக்கானிக் உள்ள வரலாமுங்களா?"

கஜபதி ஒவ்வொரு காரின் பானெட்டையும் தானே திறந்துவிட்டார்.

அடுத்த வாரம், மெக்கானிக் சரியென்று சொன்ன சிவப்புக் காரைப் பாவாயி ஓட்ட, கணவன் காலை நீட்டி உட்கார்ந்து மலையிறங்கினான்.