தண்ணீருக்கு மேல் தண்ணீர்

பத்து மணிக்குத் தாளாளர் வருவார் என்று சொல்லிவிட்டார்கள். கல்லூரி நீச்சல்குளத்தில் அன்று யாருக்கும் இருப்புக் கொள்ளவில்லை.

குளத்துக்கு ஒதுக்கும் பணத்தை நிர்வாகம் பாதியாக்கிவிட்டது. அதே மாதம் விழா மேடைக்குப் பளிங்கு பதிக்க மட்டும் பணம் இருந்தது. மிஞ்சிய தொகையில் நீச்சல் அணி வெளியூர்ப் போட்டிக்கு வேன் பிடிக்கலாம். அல்லது டைவிங் குளத்தை நடத்தலாம். இரண்டும் முடியாது. எதை வெட்டுவது என்று அணித் தலைவனே தாளாளரிடம் சொல்ல வேண்டும். பழி மாணவன் தலையில் விழட்டும் என்பது அவர்கள் ஏற்பாடு.

அணித் தலைவன் இசக்கிராஜா நீச்சல்காரன். அவனோடு நீந்த ஒரு கூட்டமே இருந்தது. டைவிங்குக்கு ராபியா ஒருத்திதான்.

பயிற்சியாளர் ஹெலன் பொன்மலர் ஒரு வாரம் முகாமில் இருந்துவிட்டு அன்று காலைதான் திரும்பினார். தோளில் இருந்த பையை இறக்குவதற்குள் இசக்கி ஓடி வந்தான்.

"மேடம், டைவிங்கை நிறுத்திருவோம்."

"ஏன்?"

"ஒருத்திக்குத் தனிக்குளம், தனி மோட்டார். அவளாவது ஒழுங்கா குதிக்கணும்ல? ஒரு வாரமா தப்புத் தப்பா விழுறா. நீங்களே பாருங்க."

ராபியா டைவிங் மேடையேறிக் குதித்தாள். காற்றில் சுழன்றது அழகாகத்தான் இருந்தது. ஆனால் உடம்பை நீட்ட வேண்டிய நேரம் தவறிவிட்டது. முதுகு தண்ணீரில் பளாரென்று அறைந்தது.

"பாத்தீங்களா?"

ஹெலன் பொன்மலர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அலை அடங்கியதும் அது கண்ணாடி மாதிரி அசையாமல் கிடந்தது.

"இங்க ஒரு குழாய் தெளிச்சுக்கிட்டே இருக்குமே, எங்க?"

"நான்தான் நிறுத்தினேன் மேடம்." இசக்கிக்குப் பெருமை தாங்கவில்லை. "தண்ணிக்கு மேல தண்ணியைத் தெளிக்க ஒரு மோட்டார்! கரண்ட் பில் எவ்வளவு மிச்சம் தெரியுமா?"

"ராபியா ஒண்ணும் கேக்கலயா?"

"முதல் நாள் கேட்டா. காசு இல்ல, அட்ஜஸ்ட் பண்ணிக்கோன்னேன். பண்ணிக்கிட்டா."

"நீ ஏறு."

"நானா?"

"அஞ்சு மீட்டர் மேடைக்கு ஏறு. சுத்த வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். காலைக் கீழ வச்சு நேரா குதி."

நீச்சல் அணி மொத்தமும் ஓடி வந்து கரையில் நின்றது. விசில் பறந்தது.

"கேப்டன், வீட்டுக்குச் சொல்லிட்டீங்களா?"

"ஏல, அவன் மீன்டா! மீனுக்கு என்ன பயம்?"

"மீன் எப்பல மாடியில இருந்து குதிச்சுது?"

இசக்கி மேலே போய் நின்றான். குளத்தின் தரையில் பதித்த ஓடுகள் ஒவ்வொன்றும் தெரிந்தன. யாரோ தவறவிட்ட ஒரு கொண்டை ஊசி கூடத் தெரிந்தது.

கீழே இருந்து ஹெலன் பொன்மலர் கேட்டார். "தண்ணி எங்க இருக்கு?"

"கீழதான் மேடம்."

"எவ்வளவு கீழ?"

இசக்கி குனிந்து பார்த்தான். தரை தெரிந்தது. தரைக்கும் தனக்கும் நடுவில் தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்பது தெரியவில்லை.

குதித்தான். தண்ணீர் இதோ வரும் என்று காத்திருந்தான். அது முந்திக்கொண்டது. முழங்கால் மடங்கி, உட்கார்ந்த வாக்கில் விழுந்தான். அந்தச் சத்தத்துக்குச் சுவரோரம் இருந்த புறாக்கள் எழுந்து பறந்தன.

கரையேறியபோது தொடை இரண்டும் செக்கச்செவேல் என்றிருந்தன.

"ரெண்டு புரோட்டா ரெடி!" என்று ஒருவன் கத்தினான். கரையே சிரித்தது.

இசக்கி சிரிக்கவில்லை. அவன் ராபியாவின் தோளைப் பார்த்தான். அங்கேயும் அதே சிவப்பு.

"ஒரு வாரமா இப்படியா?"

"அட்ஜஸ்ட் பண்ணிக்கிட்டேன் அண்ணே."

இசக்கி மோட்டார் அறைக்கு ஓடினான். ஈரத்தில் வழுக்கினான், எழுந்து மறுபடியும் ஓடினான். குழாய் இரண்டு தடவை இருமிவிட்டுத் தெளிக்க ஆரம்பித்தது. தண்ணீர்க் கண்ணாடி உடைந்தது. நீர்மட்டம் முழுக்க வெயில் துள்ளியது. மேலே நிற்பவருக்குத் தண்ணீர் இருக்கும் இடம் இப்போது தெரியும்.

அதே நேரம் தாளாளரின் கார் வந்து நின்றது. அவர் இறங்கியதும் குழாயைத்தான் பார்த்தார்.

"தண்ணிக்கு மேல எதுக்குப்பா தண்ணி?"

"மேல ஏறிப் பாருங்க சார், புரியும்" என்றான் இசக்கி. பின்னால் யாரோ வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

ராபியா ஏறிவிட்டாள்.

குதித்தாள். சுழன்றாள், மறுபடியும் சுழன்றாள். சரியான நொடியில் உடம்பு நீண்டது. விரல்நுனி நுழைந்த அதே துளைக்குள் தோள், இடுப்பு, பாதம் எல்லாம் போய் மறைந்தன. வெளியே தெறித்தது ஒரு கை நீர்தான்.

கரை வெடித்தது. நீச்சல்காரர்கள் ஒருவர் முதுகில் ஒருவர் குத்திக்கொண்டார்கள். "ராபியா! ராபியா!" என்று கூச்சல். தாளாளரின் கைகள் அவரைக் கேட்காமலே தட்டின. பிறகு நினைவு வந்து இறக்கிக்கொண்டார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா பணம் கூட்டித் தர முடியாது. ரெண்டுல ஒண்ணு. கேப்டன், எதை வெட்ட?"

கூச்சல் நின்றது. இசக்கி ஹெலன் பொன்மலர் பக்கம் போய்த் தாழ்ந்த குரலில் கேட்டான்.

"எதைக் குறைக்க மேடம்?"

அவர் கரையில் நின்றவர்கள் பக்கம் கண்ணைக் காட்டினார்.

இசக்கி தன் கூட்டத்தைப் பார்த்தான். ராபியாவைப் பார்த்தான்.

"வேனை விட்டுருவோம். பாசஞ்சர் ரயில்ல, ரிசர்வேஷன் இல்லாம போவோம். ராத்திரி பூரா நின்னுட்டுப் போய், இறங்கின உடனே நீந்தணும்."

"கால் வீங்கிரும்ல!" என்றான் ஒருவன்.

"எனக்குக் கதவுப் பக்கம்! இப்பவே சொல்லிட்டேன்" என்றான் இன்னொருவன்.

இசக்கி மறுபடியும் திரும்பினான். "மேடம், இதைக் குறைச்சா சரியா இருக்குமா?"

"நிக்கப் போறது யாரு?"

"நாங்கதான்."

"அப்போ குறை."