ஏணிமலையின் மது

மலைகளுக்கெல்லாம் இன்னும் பெயர் வைத்து முடியாத காலம், கேளுங்கள். அப்போது ஒரு ராஜா இருந்தான். அவன் நாட்டின் ஓரத்தில் ஏணிமலை. படிபடியாக வெட்டிய சரிவு முழுக்கத் திராட்சைக் கொடிகள். உச்சிப் படி மாராயியுடையது. நடுப் படி கொப்பையனுடையது. அடிப் படி பூச்சனுடையது.

அங்கே ஒரு வழக்கம். மழை பெய்தால் மேல் மண் கீழே இறங்கிவிடும். மழை விட்டதும் மூவரும் அதைக் கூடையில் அள்ளிச் சுமந்துபோய் மறுபடி மேலே கொட்டுவார்கள். பழுத்த பழத்தை ஒரே தொட்டியில் போட்டு மிதித்து மது செய்வார்கள்.

அந்த மதுவை ராஜா குடித்தான். கண் மூடிச் சிரித்தான்.

"இந்த ருசி யார் படியில் விளைகிறது? அவருக்கே மலை முழுவதும். மற்றவர்கள் இறங்கிப் போகட்டும்."

"என் படி" என்றாள் மாராயி. "என் படி" என்றான் கொப்பையன். "என் படி" என்றான் பூச்சன்.

"தனித்தனியாகச் செய்யுங்கள். அடுத்த அறுவடைக்கு வருகிறேன்."

மாராயி சரிவிலேயே பிறந்து வளர்ந்தவள். சமதரையில் நடந்தால் அவளுக்குக் கால் இடறும்.

மழை வந்தது. மண் இறங்கியது. மாராயி கூடையோடு கீழே போனாள்.

"உன் மண்ணை நான் கூப்பிடலை அக்கா, தானா வந்தது" என்றான் பூச்சன். ஒரு பிடிகூடத் தரவில்லை. கொப்பையன் தன் படியைச் சுற்றி முள்வேலி போட்டான்.

ராஜா வந்தான். மாராயியின் மதுவைக் குடித்தான். புளிப்பில் ஒரு கண் மூடிக்கொண்டது. கொப்பையனுடையதைக் குடித்தான், துவர்ப்பில் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பூச்சனுடையதைக் குடித்தான், தண்ணீர்போல் இறங்கியது.

"மது எங்கே?"

"குடிச்சிட்டீங்களே ராஜா."

ராஜா எழுந்தான். "பொழுது சாய்வதற்குள் பழைய ருசி வேண்டும். இல்லையென்றால் மூவரும் இறங்குங்கள்."

மூவரும் தொட்டியருகே உட்கார்ந்தார்கள்.

"உன்னுதைக் குடிச்சா பல்லு கூசுது அக்கா" என்றான் பூச்சன்.

"உன்னுதைக் குடிச்சா தாகம்தான்டா தீருது."

வாய்ச்சண்டையில் மாராயிக்குத் தொண்டை வறண்டது. தன் மதுவைக் குடிக்க முடியவில்லை. பூச்சன் குடத்திலிருந்து கொஞ்சம் அதில் ஊற்றிக் குடித்தாள். சப்புக்கொட்டினாள். மறுபடி குடித்தாள்.

"கொப்பையா, உன் குடத்தையும் கொண்டு வாடா."

மூன்றையும் கலந்தார்கள். ராஜா குடித்தான். கண் மூடிச் சிரித்தான்.

"இதுதான்! இந்த ருசி யாருடையது?"

மாராயி வாயைத் திறந்தாள். கலந்தவள் அவள். ஒரு வார்த்தை சொன்னால் மலை முழுவதும் அவளுக்கு. அத்தனை படிக்கும் ஒருத்தியாக மண் சுமப்பதை நினைத்துப் பார்த்தாள்.

"பூச்சனுடையது" என்றாள்.

பூச்சன் பதறினான். "ஐயோ, எனக்கு வேண்டாம்! கொப்பையனோடது."

"நான் என்னடா பாவம் பண்ணினேன்? அக்காவோடது" என்றான் கொப்பையன்.

"போன வருஷம் ஆளாளுக்கு என்னுடையது என்றீர்களே!"

"ராஜா, மலை முழுக்க எனக்கே கிடைச்சாலும், கூடையைத் தலைக்குத் தூக்கிவிட ஓர் ஆள் வேணுமே" என்றாள் மாராயி.

ராஜா யோசித்தான். யோசிக்க இன்னொரு கோப்பை தேவைப்பட்டது. பிறகு மலையை மூவருக்கும் விட்டுவிட்டு, சரிவில் வழுக்கி வழுக்கி இறங்கிப் போனான்.

ஆகவே, பலர் கை சேர்ந்து விளைந்ததைத் தனக்கென்று பிரிப்பவனுக்குக் கிடைப்பது ருசியில்லாத பங்குதான்.