போகிற பெட்டி

"இன்னும் படம் வரலை," என்றார் டாக்டர் போனில். "ஆளை ஆபரேஷன் தியேட்டர்ல படுக்கப் போட்டாச்சு. தலைக்குள்ள ரத்தம் எங்க கட்டியிருக்குன்னு தெரியாம எப்படித் திறக்க?"

ஸ்கேன் சென்டர் படத்தை எப்போதோ அனுப்பிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவில்லை. நடுவில் இருப்பது இந்த நெட்வொர்க் அறை மட்டும்தான்.

அறையில் இரண்டு பேர். குரு பேச்சியம்மாளுக்கு முப்பது வயது. சீடர் பவுல்ராஜுக்கு நாற்பத்தைந்து. டிவி கேபிள் இழுத்துக்கொண்டிருந்தவர்.

வேலை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. வெளியே இருந்து எது வந்தாலும் முதலில் வாசல் பெட்டிக்கு வரும். அது சோதனைப் பெட்டிக்கு அனுப்பும். அங்கே வைரஸ் இருக்கிறதா என்று பார்த்து ஆஸ்பத்திரிக்கு விடும். ஒவ்வொரு தடவையும் வழி கேட்டால் நேரமாகும். அதனால் ஒரு தடவை கேட்ட வழியை வாசல் பெட்டி ஞாபகத்தில் வைத்துக்கொள்ளும்.

அன்று காலை பழைய சோதனைப் பெட்டியைக் கழற்றிவிட்டு, புதியதை வேறு இடத்தில் மாட்டியிருந்தார்கள். வாசல் பெட்டிக்கு அது தெரியாது. படங்களைப் பழைய இடத்துக்கே அனுப்பிக்கொண்டிருந்தது. அங்கே வாங்க ஆள் இல்லை.

பேச்சியம்மாள் வாசல் பெட்டியின் ஞாபகத்தை மொத்தமாக அழித்தாள். அது மறுபடி வழி கேட்டு, புதிய இடத்தைத் தெரிந்துகொண்டது. படம் போனது.

"வந்துட்டு," என்று டாக்டர் போனை வைத்தார்.

"இத்தனை நேரத்துல மறந்துரணும்னு ஞாபகத்துக்கு ஆயுள் போடலியா, அண்ணாச்சி?"

"போடல."

"பெட்டிங்க எப்படி நடக்கணும்னு எழுதி வச்சிருக்க தரவிதியில போடச் சொல்லியிருக்குல்லா?"

"இருக்கு. ஆயுள் முடியுத நேரமெல்லாம் திரும்ப வழி கேட்டுக்கிட்டு நிக்கும். மெதுவாயிரும்."

பேச்சியம்மாள் நாற்காலியை அவர் பக்கம் திருப்பினாள்.

"தப்பு என் மேல இல்ல டீச்சர். போற பெட்டி சும்மா போவுமா? 'நான் போறேன், என்னை மறந்துரு'ன்னு சொல்லிட்டுல்லா போணும்?"

"சொல்லும்னு நம்புனீங்களா?"

"பின்ன? அது கடமைல்லா?"

"சரி. நாளையிலேர்ந்து நீங்க வர வேண்டாம்."

பவுல்ராஜ் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"டீச்சர்... வேலையை விட்டா நான் எங்க போவேன்? திரும்பக் கம்பத்துல ஏறவா?"

"கீழ கேட்டுல இசக்கிகிட்ட சொல்லிட்டுப் போங்க. இனிமே உங்களை உள்ள விட வேண்டாம்னு."

இசக்கி காவலாளி. யார் வந்தாலும் கார்டு கேட்பான். மேலே போன் போட்டு விசாரிப்பான். பவுல்ராஜ் சேர்ந்த அன்று பேச்சியம்மாள் அவனிடம், "இவரு நம்ம ஆளு," என்றாள். அதற்கப்புறம் இசக்கி அவரிடம் எதுவும் கேட்டதில்லை.

பவுல்ராஜ் கேட்டுக்கு வந்து நின்றார்.

"என்ன அண்ணாச்சி, மூஞ்சி தொங்கிட்டுக் கெடக்கு? மதினி சாத்திட்டாவளா?"

"ஒண்ணுமில்லடே," என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை அவர் கால்கள் வழக்கமான பஸ்ஸில்தான் ஏறின. இசக்கி எழுந்து கேட்டைத் திறந்தான். "வாங்க அண்ணாச்சி, இன்னைக்கு லேட்டு."

பேச்சியம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"எப்படி உள்ள வந்தீங்க?"

"இசக்கி விட்டான்."

"வேலை போன ஆளையா?"

"அவனுக்கு எப்படித் தெரியும்? நீங்க சொல்லியிருக்கணும்."

"போற ஆளுகிட்டதான சொல்லச் சொன்னேன்."

பவுல்ராஜ் தரையைப் பார்த்தார். அவள் நாற்காலியை அவர் பக்கம் தள்ளினாள்.

"ஆயுள் போடுங்க."

அவர் உட்கார்ந்தார். வாசல் பெட்டியின் திரையைத் திறந்தார். விரல் எண்களின் மேல் நின்றது.

"எவ்வளவு வைக்க, டீச்சர்? ஒரு நிமிஷமா, ஒரு மணி நேரமா?"

"இசக்கிகிட்ட சொல்ல உங்களுக்கு எவ்வளவு நேரம் வேணும்?"

ஜன்னலுக்குக் கீழே இசக்கி யாரிடமோ கார்டு கேட்டுக்கொண்டிருந்தான். பவுல்ராஜ் எட்டிப் பார்த்தார். எழுந்து போய்ச் சொல்லவில்லை. ஒரு நிமிஷம் என்று வைத்தார்.