ஜன்னலைப் பார்த்து நின்ற ஆமைகள்

பாறைக் குன்றான கரட்டின் அடிவாரத்தில் ஒரு சிறிய மடம். அதில் சிவஞானத்தம்மை இருந்தார். வயது நாற்பதைத் தாண்டியிருக்காது. அவரைக் குருவாக ஏற்ற நல்லசிவத்துக்கு அறுபதுக்கு மேல். அரிசி ஆலை நடத்தி ஓய்ந்தவர். தன்னைவிடச் சின்னவரின் காலில் விழுகிறாரே என்று ஊரில் சிலர் சிரித்ததுண்டு. அவர் பொருட்படுத்தவில்லை.

ஒரு நாள் காலையில் அவர் கடப்பாரையோடு மடத்துக்கு வந்தார்.

"சில உயிர்களைக் கொல்ல வேண்டும் அம்மை. உங்களிடம் சொல்லிவிட்டுச் செய்யலாம் என்று வந்தேன்."

அம்மை அவரை உட்காரச் சொன்னார். நடந்ததைக் கேட்டார்.

நல்லசிவத்தின் மனைவி உலகம்மைக்கு ஐப்பசியில் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் செத்துப்போனது. பேச்சும் போனது. அவரைக் கிடத்தியிருந்த அறையின் ஜன்னலுக்கு வெளியேதான் உலகம்மை தன் கையால் போட்ட காய்கறித் தோட்டம். கத்தரி, வெண்டை, பந்தலில் புடலை, தரையெல்லாம் பூசணிக்கொடி.

மழை விட்ட ஒரு காலையில் பூசணி இலைக்கடியில் ஓர் ஆமை நின்றது. கரட்டில் திரிகிற ஜாதிதான். ஓட்டில் மஞ்சள் கோடுகள் நட்சத்திரம் போல விரிந்திருந்தன. நல்லசிவம் அதைத் தூக்கி வெளியே விட்டார். மறுநாள் அது வந்தது. கூட வேறு சிலவும் வந்தன.

அவை எதையும் தின்னவில்லை. கத்தரிப்பிஞ்சு மூக்கில் இடித்தாலும் வாய் வைக்கவில்லை. கழுத்தை நீட்டி ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றன.

ஆமை நுழைந்தால் வீட்டுக்கு ஆகாது என்று சொல்லிவிட்டு, ஒத்தாசைக்கு வந்திருந்த மைத்துனி மரகதம் அன்றைக்கே பஸ் ஏறிவிட்டாள். அக்கம்பக்கத்துப் பெண்களும் வருவதை நிறுத்திக்கொண்டார்கள்.

நல்லசிவம் தோட்டச் சுவரிலிருந்த துளைகளையெல்லாம் கல் வைத்து அடைத்தார். கல் அசையவில்லை. ஆனாலும் மறுநாள் ஆமைகள் தோட்டத்துக்குள் நின்றன. ஒன்றின் ஓட்டில் சுண்ணாம்பு தடவி, எல்லாவற்றையும் சாக்கில் கட்டி, ஏரிக்கு அக்கரையில் கொண்டுபோய் விட்டார். சைக்கிளை மிதித்து வீடு வந்து சேர்ந்தபோது, சுண்ணாம்பு பூசிய ஆமை அவருக்கு முன்னால் வந்து பூசணிக்கொடியில் நின்றது.

கடைசியில் அவர் ஜன்னல் கதவை ஆணி அடித்து மூடினார். அதற்குப் பிறகுதான் அந்தச் சத்தம் தொடங்கியது.

"என்ன சத்தம்?" என்றார் அம்மை.

"மரத்தை நகத்தால் சுரண்டுகிற சத்தம். பகலெல்லாம் கேட்கிறது. ஏறி உள்ளே போகப் பார்க்கின்றன. நான் தோட்டத்திலேயே காவல் இருக்கிறேன். நான் பார்க்கும்போது ஒன்றும் அசைவதில்லை. சத்தம் மட்டும் கேட்கிறது." அவர் குரல் தணிந்தது. "அவளைக் கொண்டுபோக வந்திருக்கின்றன அம்மை."

அம்மை எழுந்து அவரோடு நடந்தார்.

தோட்டத்தில் வெயில் நன்றாக விழுந்திருந்தது. ஆமைகள் அதே இடத்தில், அதே பக்கம் பார்த்து நின்றன. காற்று இல்லை. சுரண்டுகிற சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது.

நல்லசிவம் கடப்பாரையை ஓங்கினார். அம்மை அவர் கையைத் தொட்டார்.

"முதலில் உள்ளே போகலாம்."

அறை இருண்டு கிடந்தது. மூத்திர வாடை அடித்தது. வாசலிலேயே நல்லசிவம் நின்றுவிட்டார். சத்தம் இங்கே இன்னும் பலமாகக் கேட்டது. அம்மை கட்டிலருகே போய், ஜன்னலை ஒட்டியிருந்த இருட்டில் கையை விட்டு, எதையோ பிடித்தார். சத்தம் நின்றது.

"இங்கே வாருங்கள்."

அவர் போனார். அம்மை பிடித்திருந்தது உலகம்மையின் இடக்கை. விரல் நுனிகள் தோலுரிந்து ரத்தம் கட்டியிருந்தன. ஜன்னல் கதவின் கீழ்ப்பலகையில் வரிவரியாகக் கீறல்கள்.

நல்லசிவம் கடப்பாரையைக் கதவிடுக்கில் கொடுத்து நெம்பினார். ஆணிகள் கிறீச்சிட்டுப் பிடுங்கிக்கொண்டு வந்தன. வெளிச்சம் உலகம்மையின் முகத்தில் விழுந்தது. வெளியே எல்லாக் கழுத்துகளும் ஒன்றாக நீண்டன.

உலகம்மை அவற்றைப் பார்த்தார். பிறகு மெல்லக் கண்ணைத் திருப்பி, கணவனைப் பார்த்தார்.

அம்மை மடத்துக்குத் திரும்பினார்.

அன்று முதல் நல்லசிவம் கட்டிலை விட்டு நகரவில்லை. கஞ்சி ஊட்டினார். துடைத்துவிட்டார். ஆலையில் நடந்த பழைய கதைகளைச் சொன்னார். மாசி மாதம் ஒரு மத்தியானம், தோட்டத்தைப் பார்த்தபடியே உலகம்மையின் மூச்சு அடங்கியது. அப்போது அவர் கை கணவனின் கைக்குள் இருந்தது.

காரியங்கள் முடிந்த பிறகு நல்லசிவம் மடத்துக்கு வந்தார். இளைத்திருந்தார்.

"அவை இன்னும் வருகின்றன அம்மை."

"வரட்டும்."

"இப்போது ஜன்னலைப் பார்ப்பதில்லை. நான் கிணற்றடிக்குப் போனால் கிணற்றடியைப் பார்க்கின்றன. கூடத்தில் உட்கார்ந்தால் கூடத்தைப் பார்க்கின்றன."

நல்லசிவம் அம்மையின் அருகே நகர்ந்து உட்கார்ந்தார்.

"இனி என் முறையா?"

"ஆமாம்."

நல்லசிவம் நிமிர்ந்து பார்த்தார். அம்மையின் முகத்தில் மாற்றம் இல்லை.

"இன்றைக்கா? என்றைக்கு?"

"அது எனக்குத் தெரியாது. உங்களைத் தேடி வீட்டுக்கு விருந்தாளிகள் வந்திருக்கிறார்கள். சாப்பிட என்ன கொடுத்தீர்கள்?"

நல்லசிவம் எழுந்து, தோட்டத்துப் பூசணியைப் பறிக்க வீட்டுக்கு நடந்தார்.