மகுடேசப் பூபதி கேட்ட பழைய காலம்

முன்னொரு காலத்தில் கொன்றை நாட்டை மகுடேசப் பூபதி என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். தங்கமான மனுஷர்தான். ஆனால் வயிறு முன்னே வந்து தலைமுடி பின்னே போனதிலிருந்து அவருக்கு ஓயாத ஏக்கம். "நான் இளவரசனாக இருந்தபோது மாம்பழம் இனித்தது, மழை மணத்தது. இப்போது என்ன இருக்கிறது?" என்று தினமும் பெருமூச்சு விடுவார்.

சபையில் சபாபதி ராயர் என்று ஒருத்தர் இருந்தார். ராஜா தும்மினால்கூட "என்ன சுருதி" என்று தலையாட்டுவார். மந்திரி நன்னையன் கீழ்க்கரை ஊர்களுக்கு வாய்க்கால் வெட்டிப் பேர் வாங்கினாரே, அன்றிலிருந்து ராயருக்குத் தூக்கம் இல்லை.

"பிரபு, புதிதாக வந்ததுதான் எல்லாவற்றையும் கெடுத்தது. முதலில் அந்த வாய்க்காலைத் தூர்த்துவிட்டுப் பழையபடி இருப்போம்" என்றார் ராயர்.

ராஜாவும் யோசிக்கவில்லை. "நான் இளவரசனாக இருந்தபோது எது எப்படி இருந்ததோ, அது அப்படியே ஆகவேண்டும். மந்திரியாரே, நீரே முன்னின்று செய்யும்" என்று உத்தரவு போட்டுவிட்டார்.

கீழ்க்கரையில் நெல் பால் பிடிக்கிற நேரம். தண்ணீர் நின்றால் அத்தனையும் பதராகும், ஜனங்கள் பட்டினி கிடப்பார்கள். மந்திரிக்கு இது நன்றாகத் தெரியும். முகத்தில் காட்டுவாரா மனுஷர்? "ஆகட்டும் பிரபு. அரண்மனையிலிருந்து ஆரம்பித்து வாய்க்காலுக்குப் போகிறேன்" என்று சொல்லிவிட்டு நேரே ராணி கோமளவல்லியைப் பார்க்கப் போனார்.

மறுநாள் சபையில் சிம்மாசனத்தின் முன்னே ஒரு முக்காலி கிடந்தது.

"சிம்மாசனத்தில் அப்போது தங்கள் தகப்பனார் அல்லவா இருந்தார்" என்றார் மந்திரி. ராஜா சிரித்துக்கொண்டே முக்காலியில் உட்கார்ந்தார். அடுத்து ராயர் கைக்கு ஓர் அரிவாள் வந்தது. "ராயர் அப்போது லாயத்துக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தார். நமக்கெல்லாம் மறந்துபோச்சு" என்றதும் சபை கொல்லென்று சிரித்தது.

அந்த நேரம் பார்த்து ராணி மூட்டையும் கையுமாக வந்து நின்றாள். வாசலில் பல்லக்கு காத்திருந்தது.

"எங்கே கிளம்பினாய்?" என்று ராஜா எழுந்துவிட்டார்.

"அப்பா வீட்டுக்கு. நீங்கள் இளவரசராக இருந்தபோது நான் அங்கேதானே இருந்தேன்? வேண்டுமானால் மறுபடி பெண் கேட்டு வாருங்கள். ஆனால் இந்த வயிற்றைப் பார்த்து நான் சம்மதிப்பேனா, அது தெரியாது."

ராணி இல்லாத அரண்மனையை நினைத்தாரோ இல்லையோ, ராஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "நீ இல்லாத காலமா அது? அந்தக் காலம் எனக்கு வேண்டாம் கோமளம்."

மந்திரி மெல்லச் சொன்னார்: "பழைய நாளை நினைக்கும்போது மனசு மாம்பழத்தை மட்டும் எடுத்து வைத்துக்கொள்கிறது பிரபு. அன்றைக்குக் கடித்த கொசுவை விட்டுவிடுகிறது. மனுஷ சுபாவம் அப்படி."

"ஆசை யாருக்கும் வரும்," என்றாள் ராணி. "கூட உட்கார்ந்து நரைக்கிறோமே, அதற்குப் பேர்தான் காதல்."

உத்தரவு அப்போதே ரத்தானது. வாய்க்கால் பிழைத்தது, கீழ்க்கரையும் பிழைத்தது. ராஜா தம் முத்துமாலையை மந்திரி கழுத்தில் போட்டு, மேற்கரைக்கும் ஒரு வாய்க்கால் வெட்டச் சொன்னார். ராயரைப் பார்த்து, "அரிவாளைக் கொடுத்துவிடாதீர். வாய்க்கால் கரையில் புல் மண்டிக் கிடக்கிறதாம்" என்றார். ராயர் குனிந்த தலை நிமிரவில்லை.

எல்லாம் முடிந்ததும் ராஜா, "பல்லக்கைத் திருப்பி அனுப்பிவிடேன்" என்று ராணியிடம் கெஞ்சினார்.

"வாசலிலேயே இருக்கட்டும்," என்றாள் அவள். "உங்களுக்கு மறுபடி ஏக்கம் வராமலா போகும்?"