உரிமம் புதுப்பிக்க இரண்டு நாள்

தூத்துக்குடிக் கிடங்கு ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் ஜெபராணிக்கு, உரிமம் அந்த வாரத்தோடு முடிய இருந்தது. புதுப்பிக்க இரண்டு நாள் பாதுகாப்புப் பயிற்சிக்குப் போக வேண்டும். விடுப்புத் தாளோடு வந்தவளைப் பார்த்து, கிடங்கின் நடுவில் நின்றிருந்த மேலாளர் தணிகாசலம் எல்லோர் காதிலும் விழும்படி சிரித்தார்.

"பன்னிரண்டு வருஷமா ஓட்டுறே, இன்னும் என்னம்மா கத்துக்கணும்? பயிற்சி முடிச்சாச்சுன்னு நானே எழுதித் தர்றேன். போய் வண்டியை எடு."

அவளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் குரல் உயரவில்லை.

"எடுக்கிறேன் சார். நீங்க கொஞ்சம் தள்ளி நிக்கணும்."

"ஏன்?"

"நீங்களும் பன்னிரண்டு வருஷமா இங்கே வர்றீங்க. இப்ப நிக்கிறது வண்டி வர்ற பாதை சார்."

தணிகாசலம் குனிந்து பார்த்தார். மஞ்சள் கோடுகள் இரண்டுக்கும் நடுவே அவர் கால்கள். மெல்லத் தாண்டி வந்து தாளில் கையெழுத்துப் போட்டார்.

"அந்தப் பயிற்சியில இன்னொரு ஆளைச் சேர்த்துக்குவாங்களாம்மா?"