ஒரு மடித் தும்பை

இது சத்தியம். இதில் ஒரு எழுத்து பொய் என்றாலும் எனக்குத் தொண்டையில் சோறு இறங்காமல் போகட்டும். முதலை பல்லக்குத் தூக்கிய கதைக்கும் இப்படித்தான் சத்தியம் செய்தாய் என்பீர்கள். அது வேறு, இது வேறு.

"படையெடுப்பார்களா, மாட்டார்களா? அதை மட்டும் சொல்லுங்கள், சாமி."

கேட்டவர் அந்துவன், மேற்குக் கரை ராஜாவின் ஒற்றர். வயசு ஐம்பத்தெட்டு. உட்காரச் சொன்னால் நிற்பார், நிற்கச் சொன்னால் நடப்பார். மூன்று மாதமாக அப்படித்தான்.

கேட்கப்பட்டவர் திட்டுச் சாமி. ஆற்று நடுவே ஒரு மணல் திட்டில் லிங்கத்தை வைத்துக்கொண்டு தனியாக இருந்தவர். திட்டில் இருப்பதால் அந்தப் பெயரா, வந்தவரையெல்லாம் திட்டுவதால் அந்தப் பெயரா என்று இரண்டு கரைக்கும் தகராறு. அந்துவனைவிட இருபது வயசு இளையவர்.

பொழுது சாய்வதற்குள் அந்துவன் அரண்மனையில் ஒரு சொல் சொல்லியாக வேண்டும். கிழக்குக் கரையார் 'எடுப்பார்கள்' என்றால் மேற்குப் படை முந்திக்கொண்டு இன்றைக்கே ஆற்றைக் கடக்கும். கடந்ததும் முதலில் எரிவது கிழக்குத் துறையில் இருக்கும் பரிசல்காரன் வீடு. அவர் மகள் வெண்ணி வாழ்க்கைப்பட்டது அந்த வீட்டில்தான். கையில் ஒரு வயசுப் பேரன்.

'மாட்டார்கள்' என்று சொல்லி, அவர்கள் எடுத்துவிட்டால்? சொந்த ஊர் சாம்பல்.

"அவர்கள் கையில் எழுநூறு கூடை இருக்கிறது, சாமி."

கூடை என்றால் தும்பைப்பூ. அந்தக் காலத்தில் தலையில் தும்பை சூடாமல் ஒருவனும் போர்க்களத்துக்குப் போகமாட்டான். அதனால் எதிரி எத்தனை கூடை பறித்தான் என்று எண்ணுவதுதான் ஒற்றர் வேலை. இக்கரைப் புளியமரத்தில் ஏறி இவர்கள் எண்ணுவார்கள். அக்கரை மருதமரத்தில் ஏறி அவர்கள் எண்ணுவார்கள்.

"எழுநூறு எதற்குப் பறித்தார்கள்?"

"நாங்கள் அறுநூறு பறித்தோம்."

"ஒரு அடி பின்னால் வையும்."

அந்துவன் விழித்தார். வைத்தார்.

"நீங்கள் எதற்கு அறுநூறு?"

"அவர்களிடம் ஐந்நூறு இருந்ததே. விட்டுவிட முடியுமா?"

"இன்னொரு அடி."

கூடை குறையக் குறைய அந்துவன் பின்னால் போனார். நானூறில் மணல் சுட்டது. இருநூறில் நாணல் குத்தியது. நூறில் கணுக்கால் நனைந்தது, பத்தில் வேட்டி நனைந்தது. முகம் சொந்தக் கரையைப் பார்க்க, முதுகை எதிரிக்குக் காட்டிக்கொண்டு போவது அவருக்குப் பதறியது. சாமி விடவில்லை.

"பத்து எதற்கு?"

"முதலில் தொடங்கியது அவர்கள்தான், சாமி. இந்தக் கண்ணால் பார்த்தேன்."

"எத்தனை கூடை?"

"கூடை இல்லை. ஒரு மடி." குரல் இறங்கியது. "விடியற்காலை, நல்ல பனி. அக்கரையில் ஒரு பெண் குனிந்து குனிந்து மடியில் தும்பை பறித்தாள். முகம் தெரியவில்லை, பூ தெரிந்தது. ஓடிப்போய் ராஜாவிடம் சொன்னேன். கையில் இருக்கும் இந்தக் காப்பு அவர் அதற்குப் போட்டதுதான்."

"எதற்குப் பறித்தாளாம்?"

"தும்பை வேறெதற்கு?"

"இன்னும் ஒரே அடி, ஓய்."

வைத்தார். முதுகில் பரிசல் இடித்தது.

"பார்த்து, அப்பா."

வெண்ணி. இடுப்பில் பேரன், மூக்கு ஒழுக.

அவள் சாமியிடம்தான் பேசினாள். பிள்ளைக்குத் திரும்பவும் சளியாம். மூன்று மாதத்துக்கு முன்னால் சளி வந்தபோது ஒரு மடித் தும்பை பறித்து, பாலில் நசுக்கி நெற்றியில் பற்றுப் போட்டாளாம், கேட்டதாம். இப்போது கரையில் ஒரு பூ இல்லையாம். எல்லாம் அரண்மனைக்காம். தொட்டால் கையை வெட்டுவார்களாம்.

"உங்கள் சாமி தலையிலாவது ஒன்று இருக்குமே என்று வந்தேன்."

அந்துவன் இடுப்பளவு தண்ணீரில் நின்றார். மூன்று மாதத்தில் முதல் தடவையாக அசையாமல் நின்றார்.

பேரன் தும்மினான்.

சாமி லிங்கத்தின் தலையிலிருந்த கடைசித் தும்பையை எடுத்துவந்து அவள் உள்ளங்கையில் வைத்தார். உச்சி வெயிலில் அது பளீரென்று தெரிந்தது. அந்துவனுக்கு மருதமரம் நினைவு வந்தது. மகளின் கை நினைவு வந்தது. பாய்ந்து, தன் இரண்டு கையாலும் பூவை மூடினார்.

"கையை எடும், ஓய். எடும்."

எடுக்கவில்லை.

மருதமரத்தில் இருந்தவன் கண்ணில் பூ படவில்லை. மேற்குக் கரை ஒற்றன் எதையோ ஒளிக்கிறான், அது மட்டும் பட்டது.

கிழக்கே முரசு.

அதைக் கேட்டு மேற்கே முரசு.

"சாமி," என்றார் அந்துவன்.

"நீர்தானே கேட்டீர், எடுப்பார்களா என்று."

அவ்வளவுதான். சொன்னது யார் என்று எவனாவது கேட்டால் காற்றுவாக்கில் வந்தது என்று சொல்லிவிடுங்கள். மருதமரம் என்ற பேச்சையே எடுக்காதீர்கள். அன்றைக்கு எனக்குக் கண்ணில் கொஞ்சம் தூசி.